ஜெர்மனியில் போர்க்காலப் பங்கர்களின் மறுபயன்பாடு

ஜெர்மனியில் போர்க்காலப் பங்கர்களின் மறுபயன்பாடு என்பது, இரண்டாம் உலகப் போரின்போது வான்தாக்குதலில் இருந்து மக்களையும் படைக்கருவிகளையும் காப்பதற்காகக் கட்டப்பட்ட கான்கிரீட் கட்டடங்களை, போருக்குப் பின்னர் வணிக, குடியிருப்பு, பண்பாட்டுத் தேவைகளுக்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்துவதைக் குறிக்கும். கிடங்கு, விடுதி, தொலைக்காட்சி நிலையம், இசைப் பயிற்சிக் கூடம், இரவுநேர நடன அரங்கு, கலைக்கூடம், அடுக்குமாடி வீடு, வெப்ப ஆற்றல் நிலையம் எனப் பல வடிவங்களில் இக்கட்டடங்கள் இன்றும் பயன்பட்டு வருகின்றன.

இவற்றில் பெரும்பாலானவை அழகுக்காகவோ நினைவுக்காகவோ காக்கப்பட்டவை அல்ல. குண்டுவீச்சைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்ட சுவர்களை அமைதிக் காலத்திலும் எளிதில் இடிக்க முடியவில்லை என்பதே இவை எஞ்சி நிற்பதற்கு முதற் காரணம். இடிக்க முடியாத கட்டடத்தை என்ன செய்வது என்ற கேள்வியில் இருந்தே இவற்றின் மறுபயன்பாடு தொடங்கியது. பல பங்கர்கள் கட்டாய உழைப்பாளர்களைக் கொண்டு கட்டப்பட்டவை என்பதால், இவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்துவது எந்த அளவுக்குத் தகும் என்ற கேள்வியும் தொடர்ந்து எழுப்பப்பட்டு வருகின்றது.

பெயர்

தமிழில் பங்கர் என்பதற்குப் பதுங்கு குழி என்ற சொல் வழங்குகின்றது. ஆனால் ஜெர்மானிய நகரங்களில் கட்டப்பட்டவற்றுள் பல நிலத்தடிக் குழிகள் அல்ல. அவை நிலத்துக்கு மேலே பல மாடிகளாக எழுப்பப்பட்ட சன்னலற்ற கட்டடங்கள். ஜெர்மன் மொழியில் இவை ஹோக்பங்கர், அதாவது உயர் பங்கர், எனப்படுகின்றன. நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்துள்ள நகரங்களிலும், இடம் குறைந்த நகர நடுப்பகுதிகளிலும் ஆழத் தோண்டுவதை விட மேல்நோக்கிக் கட்டுவது எளிதாக இருந்தது. இக்கட்டுரையில் நிலத்தடிக் காப்பிடம், மேல்நிலைக் காப்பிடம் ஆகிய இரண்டும் பங்கர் என்ற பொதுப்பெயராலேயே குறிக்கப்படுகின்றன.

கட்டப்பட்ட வரலாறு

1940 ஆகத்து மாத இறுதியில் பிரித்தானிய வான்படை பெர்லின் நகரின் மீது குண்டு வீசியது. இதனைத் தொடர்ந்து இரண்டு பெரும் கட்டுமானத் திட்டங்கள் தொடங்கப்பட்டன.

முதலாவது, 1940 செப்டெம்பரில் ஆணையிடப்பட்ட வான்காப்புக் கோபுரத் திட்டம். விமான எதிர்ப்புப் பீரங்கிகளை வீட்டுக் கூரைகளுக்கு மேலே உயர்த்தி வைப்பதற்காக இக்கோபுரங்கள் கட்டப்பட்டன. கூரையில் பீரங்கிகளும் உள்ளே பொதுமக்களுக்கான காப்பிடமும் அமைந்திருந்தன. பீரங்கிகளைத் தாங்கும் பெரிய கோபுரம் ஒன்று, குறிபார்க்கும் கருவிகளைக் கொண்ட சிறிய கோபுரம் ஒன்று என இவை இணைகளாக அமைந்தன. பெர்லினில் மூன்று, ஹாம்பர்க்கில் இரண்டு, அப்போது ஜெர்மனியுடன் இணைக்கப்பட்டிருந்த ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் மூன்று என மொத்தம் எட்டு இணைகள் கட்டப்பட்டன. இவற்றின் வடிவமைப்பாளர் கட்டடக் கலைஞர் பிரீட்ரிக் டாம்ஸ் ஆவார்.

இரண்டாவது, 1940 அக்டோபரில் இட்லர் ஆணையிட்ட உடனடித் திட்டம். இதன்படி ஜெர்மனியின் பல நகரங்களில் பொதுமக்களுக்கான பங்கர்கள் குறுகிய காலத்தில் எழுப்பப்பட்டன. தொடர்வண்டி நிலையங்கள், சந்தைச் சதுக்கங்கள், தொழிலாளர் குடியிருப்புகள் ஆகியவற்றின் அருகே இவை அமைந்தன. வானில் இருந்து அடையாளம் காணாதிருக்கும் பொருட்டுச் சிலவற்றுக்கு ஓட்டுக்கூரையும் செங்கல் முகப்பும் அமைத்து வீடு போலவோ கோபுரம் போலவோ தோன்றச் செய்தனர்.

கட்டுமான வேலைகளில் ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளில் இருந்து கொண்டுவரப்பட்ட கட்டாய உழைப்பாளர்களும் போர்க் கைதிகளும் பெருமளவில் ஈடுபடுத்தப்பட்டனர். தாம் கட்டிய பங்கர்களுக்குள் நுழைய அவர்களுக்குப் பெரும்பாலும் இசைவு வழங்கப்படவில்லை. யூதர்களும் பொதுப் பங்கர்களில் இருந்து விலக்கப்பட்டனர். பிராங்க்ஃபர்ட்டின் பிரீட்பெர்கர் அன்லாகே, கொலோன் நகரின் கோர்னர் தெரு ஆகிய இடங்களில், 1938 நவம்பர் வன்முறையில் அழிக்கப்பட்ட யூதத் தொழுகைக் கூடங்கள் இருந்த நிலத்திலேயே பங்கர்கள் எழுப்பப்பட்டன.

போருக்குப் பின்: இடிப்பதில் ஏற்பட்ட சிக்கல்

போர் முடிந்ததும் ஜெர்மனியில் எஞ்சியிருந்த படைத்துறைக் கட்டுமானங்களை அழிக்க நேச நாடுகள் முடிவு செய்தன. ஆனால் நகர நடுவில் நின்ற பங்கர்களை வெடிவைத்துத் தகர்ப்பது எளிதாக இருக்கவில்லை. கட்டடத்தை உடைக்கத் தேவையான அளவு வெடிமருந்து, சுற்றியுள்ள வீடுகளையும் சேர்த்து அழித்துவிடக் கூடியதாக இருந்தது.

பெர்லின் உயிரியல் பூங்கா அருகே நின்ற பெரிய கோபுரம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும். பிரித்தானியப் படையினர் 1947-இல் அதனைத் தகர்க்க மேற்கொண்ட முயற்சி தோல்வியடைந்தது. பின்னர் சுவர்களில் நூற்றுக்கணக்கான துளைகள் இட்டு வெடிமருந்து நிரப்பி, 1948 யூலையிலேயே அதனை வீழ்த்த முடிந்தது. ஹும்போல்ட்ஹைன் பூங்காவில் இருந்த கோபுரத்தின் வடக்குப் பகுதி, அதனை ஒட்டித் தொடர்வண்டித் தடங்கள் சென்றதனால் தகர்க்கப்படாமல் விடப்பட்டது. பிரீட்ரிக்ஸ்ஹைன் கோபுரத்தின் சிதைவுகள் மீது நகரின் போர் இடிபாடுகள் கொட்டப்பட்டு, அது இன்று ஒரு பசுமையான குன்றாகக் காட்சியளிக்கின்றது.

பொதுமக்களுக்கான பங்கர்கள் பலவற்றில் வேறொரு வழி பின்பற்றப்பட்டது. அவற்றை இடிப்பதற்குப் பதிலாகச் சுவர்களில் திறப்புகளை வெட்டி, காப்பரணாக மீண்டும் பயன்படாதவாறு செய்தனர். சன்னல் பெற்ற இக்கட்டடங்கள் குடியிருக்கவும் தொழில் நடத்தவும் ஓரளவு ஏற்றனவாக மாறின. இவ்வாறு, காப்பு வலுவை நீக்குவதற்காகச் செய்யப்பட்ட வேலையே இவற்றின் மறுபயன்பாட்டுக்கும் வழி திறந்தது.

மறுபயன்பாட்டின் காலகட்டங்கள்

1945 முதல் 1950கள் வரை

குண்டுவீச்சில் நகரங்கள் சிதைந்திருந்ததால், கூரையுடன் எஞ்சிய எந்தக் கட்டடமும் அன்று மதிப்பு மிக்கதாக இருந்தது. வீடிழந்தோரும் கிழக்கில் இருந்து வெளியேற்றப்பட்டு வந்தோரும் பங்கர்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். ஸ்டுட்கார்ட் நகரின் சந்தைச் சதுக்கத்துக்கு அடியில் இருந்த பங்கர் விடுதியாக மாற்றப்பட்டது. சன்னலே இல்லாத அவ்விடுதி 1985 வரை இயங்கியது.

பெர்லினில் உள்ள ஃபிக்டே பங்கர், 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட வட்ட வடிவ எரிவளிக் கொள்கலனை உள்ளே கான்கிரீட் இட்டுப் பங்கராக மாற்றியதாகும். போருக்குப் பின்னர் இது முதியோர் இல்லமாகவும் வீடற்றோர் தங்குமிடமாகவும் இருந்தது. மேற்கு பெர்லின் மீண்டும் முற்றுகையிடப்பட்டால் பயன்படுத்துவதற்கான உணவுப் பொருட்கள் பின்னர் இதில் சேமித்து வைக்கப்பட்டன. 21-ஆம் நூற்றாண்டில் இதன் குவிமாடக் கூரையின் கீழ் வீடுகள் அமைக்கப்பட்டன.

பனிப்போர்க் காலம்

1960கள் முதல் மேற்கு ஜெர்மனியில் குறிப்பிட்ட சில பங்கர்கள் அணு ஆயுதப் போருக்கான காப்பிடங்களாகப் புதுப்பிக்கப்பட்டன. காற்று வடிகட்டிகள், நீர்த்தொட்டிகள், மின்னாக்கிகள் ஆகியன பொருத்தப்பட்டன. நெருக்கடி ஏற்பட்டால் உடனே காலி செய்யப்பட வேண்டும் என்பதால், இவற்றில் நிலையான வணிகப் பயன்பாட்டுக்கு இடமிருக்கவில்லை. குடிமக்கள் காப்புத் திட்டத்தில் சேராத பங்கர்கள் குறைந்த வாடகைக்கு விடப்பட்டன. ஒலி வெளியே செல்லாது என்பதால் இசைக் குழுக்கள் இவற்றைப் பயிற்சிக் கூடங்களாகப் பயன்படுத்தின. இருளும் சீரான வெப்பநிலையும் இருந்ததால் சில இடங்களில் காளான் வளர்ப்பும் நடைபெற்றது.

2007-க்குப் பின்

பனிப்போர் முடிந்த பின்னர் பொதுக் காப்பிடங்களைப் பேணுவதற்கான தேவை குறைந்ததாகக் கருதப்பட்டது. 2007-இல் ஜெர்மானியக் கூட்டாட்சி அரசும் மாநிலங்களும் பொதுக் காப்பிடத் திட்டத்தைக் கைவிட முடிவு செய்தன. இதன் பின்னர் பங்கர்கள் ஒவ்வொன்றாகத் திட்டத்தில் இருந்து விடுவிக்கப்பட்டு, கூட்டாட்சி அரசின் நிலச்சொத்து நிறுவனம் வழியாக விற்கப்பட்டன. நகர நடுவில் நிலத்தின் விலை உயர்ந்திருந்த காலம் அது. எனவே முன்னர் எவரும் விரும்பாத இக்கட்டடங்களைக் கட்டடக் கலைஞர்களும் முதலீட்டாளர்களும் வாங்கத் தொடங்கினர். பிரேமன் நகரைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ரைனர் மீல்கே பங்கர்களை வீடுகளாகவும் பணியிடங்களாகவும் மாற்றுவதில் பெயர் பெற்றவர்.

கட்டடத் தன்மையும் மாற்றும் முறைகளும்

பங்கர் ஒன்றை மாற்றியமைப்பதில் உள்ள நன்மை, தீமை ஆகிய இரண்டுக்கும் அதன் சுவரே காரணமாகும். சாதாரணப் பங்கர்களில் சுவரின் தடிப்பு ஒரு மீட்டருக்கும் மேல் இருக்கும். பல இடங்களில் இது இரண்டு மீட்டர் அளவை எட்டும். வான்காப்புக் கோபுரங்களில் சுமார் 3.5 மீட்டர் வரை தடிப்புள்ள சுவர்களும் உண்டு.

நன்மைகள்
* ஒலி வெளியே கேட்பதில்லை. எனவே இசை, ஒலிப்பதிவு, நடன அரங்கு ஆகியவற்றுக்கு ஏற்றது.
* பெருமளவு கான்கிரீட் வெப்பத்தை மெதுவாகவே ஏற்று மெதுவாகவே வெளிவிடுவதால், உள்ளே வெப்பநிலை ஆண்டு முழுவதும் அதிகம் மாறுவதில்லை. இது கிடங்குகளுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் பயன்படுகின்றது.
* கட்டடம் மிகுந்த எடையைத் தாங்கக் கூடியது. எனவே கூரையின் மீது புதிய மாடிகளைக் கட்ட முடியும்.
* திருட்டு, தீ ஆகியவற்றில் இருந்து காப்பு மிகுதி.

தீமைகள்
* இயற்கை ஒளியும் காற்றோட்டமும் இல்லை. ஈரம் உறைந்து பூஞ்சை பிடிக்கும் வாய்ப்புண்டு.
* அறைகள் சிறியவை. கூரை தாழ்வானது.
* வெளியேறும் வழிகள் குறைவு என்பதால், இன்றைய தீக்காப்பு விதிகளுக்கு ஏற்பப் புதிய மாடிப்படிகளை அமைக்க வேண்டும்.
* நீர், கழிவுநீர், மின்கம்பிக் குழாய்களுக்கான ஒவ்வொரு துளையும் செலவு மிக்கது. கைப்பேசி அலைகளும் சுவரைக் கடந்து எளிதில் உட்செல்வதில்லை.

சுவரை வெட்டும் வேலையின் அளவை ஒரு எளிய கணக்கால் அறியலாம். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை ஏறத்தாழ 2.4 டன். இரண்டு மீட்டர் தடிப்புள்ள சுவரில் ஒன்றரை மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் உயரமும் கொண்ட ஒரு சன்னலை வெட்டினால் 4.5 கன மீட்டர் கான்கிரீட், அதாவது சுமார் 11 டன், அகற்றப்பட வேண்டும். பத்துச் சன்னல்களுக்கு நூறு டன்னுக்கும் மேற்பட்ட கான்கிரீட்டை வெளியேற்ற வேண்டியிருக்கும்.

இதற்கு வைரத்துகள் பதித்த கம்பி வாள் பயன்படுத்தப்படுகின்றது. முதலில் சன்னலின் மூலைகளில் துளைகள் இடப்படும். அவற்றின் வழியே கம்பி செலுத்தப்பட்டு வளையமாக இணைக்கப்படும். எந்திரம் ஒன்று இவ்வளையத்தைச் சுழற்ற, கம்பி கான்கிரீட்டையும் அதனுள் உள்ள இரும்பையும் சேர்த்து அறுக்கும். வெப்பத்தைத் தணிக்கவும் தூசியை அடக்கவும் தொடர்ந்து நீர் பாய்ச்சப்படும். அறுக்கப்பட்ட கட்டிகளை மேலும் துண்டுகளாக்கி வெளியே எடுப்பர். வெடிமருந்தைப் போல் அதிர்வை ஏற்படுத்தாததால், இம்முறை குடியிருப்புப் பகுதிகளுக்கு ஏற்றதாக உள்ளது.

செலவைக் குறைப்பதற்காகப் பல இடங்களில் பங்கரின் உட்பகுதியைப் பெரிதும் மாற்றாமல் கிடங்காகவோ வண்டி நிறுத்துமிடமாகவோ விட்டுவிட்டு, கூரையின் மீது மட்டும் ஒளி நிறைந்த வீடுகளைக் கட்டுகின்றனர். அங்கு பழைய கட்டடம் புதியதற்கு அடித்தளமாகப் பயன்படுகின்றது.

முக்கிய எடுத்துக்காட்டுகள்

சங்க்ட் பவுலி பங்கர், ஹாம்பர்க்

ஹாம்பர்க் நகரின் சங்க்ட் பவுலி பகுதியில், ஹைலிகன்கைஸ்ட்ஃபெல்ட் திடலின் ஓரத்தில் நிற்கும் இது, எஞ்சியுள்ள வான்காப்புக் கோபுரங்களில் மிகவும் அறியப்பட்டது. 1942-இல் ஏறத்தாழ 300 நாட்களில் கட்டாய உழைப்பாளர்களைக் கொண்டு கட்டப்பட்டது. பக்கம் ஒன்று சுமார் 75 மீட்டர் அளவுடைய சதுர வடிவில், 38 மீட்டர் உயரத்தில் இது அமைந்திருந்தது. 18,000 பேருக்காகத் திட்டமிடப்பட்டிருந்தாலும், 1943 யூலை இறுதியில் ஹாம்பர்க் மீது நடந்த பெரும் குண்டுவீச்சின்போது 25,000 பேர் வரை இதனுள் தஞ்சம் புகுந்தனர். அத்தாக்குதல்களில் நகரில் 30,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

போருக்குப் பின்னர் வீடிழந்தோர் இதில் குடியேறினர். அருகிருந்த வீடுகளுக்குச் சேதம் ஏற்படும் என்பதால் இது தகர்க்கப்படவில்லை. 1950-இல் வடமேற்கு ஜெர்மானிய வானொலி நிறுவனம் இக்கட்டடத்தில் இருந்து சோதனைத் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. போருக்குப் பிந்தைய ஜெர்மானியத் தொலைக்காட்சியின் தொடக்கமாக இது கருதப்படுகின்றது. இதன் இணைக் கோபுரம் 1970களின் முற்பகுதியில் இடிக்கப்பட்டது.

பின்னாளில் ஒளிப்படக் கூடங்கள், இசைக்கருவிக் கடைகள், விளம்பர நிறுவனங்கள் ஆகியன இங்கு இயங்கின. ஊபல் உண்ட் கெஃபேர்லிக் என்ற இசை அரங்கு 2006-இலும், ரெசோனன்ஸ் இசைக் குழுவின் அரங்கம் 2014-இலும் திறக்கப்பட்டன.

2019-இல் கூரையின் மீது மேலும் ஐந்து மாடிகளைக் கட்டும் வேலை தொடங்கியது. இதனால் கட்டடத்தின் உயரம் 58 மீட்டராக உயர்ந்தது. மரங்களும் செடிகளும் நிறைந்த கூரைத் தோட்டம், 134 அறைகள் கொண்ட விடுதி, அரங்கு ஆகியவற்றுடன் இப்பகுதி 2024 யூலையில் திறக்கப்பட்டது. கட்டடத்தின் வெளிப்புறமாகச் சுற்றி ஏறும் பாதை வழியே பொதுமக்கள் கூரைத் தோட்டத்துக்குக் கட்டணமின்றிச் செல்லலாம். அண்டை மக்கள் சேர்ந்து அமைத்த ஹில்டெகார்டன் என்ற சங்கம் பங்கரின் வரலாற்றையும் போர்க்கால மக்களின் நினைவுகளையும் திரட்டியது. நாட்சி ஆட்சியில் துன்புற்றோருக்கும் கட்டாய உழைப்பாளர்களுக்குமான நினைவிடம் கூரைத் திட்டத்தின் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட்டது.

ஆற்றல் பங்கர், வில்கெல்ம்ஸ்பர்க்

ஹாம்பர்க்கின் மற்றொரு பெரிய கோபுரம் வில்கெல்ம்ஸ்பர்க் பகுதியில் 1943-இல் கட்டப்பட்டது. 1947-இல் பிரித்தானியப் படையினர் இதன் உட்பகுதியை வெடிவைத்து அழித்தனர். மாடிகள் இடிந்து விழுந்தன. ஆனால் வெளிச்சுவர் அப்படியே நின்றது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இது பயனற்றுக் கிடந்தது.

ஹாம்பர்க் பன்னாட்டுக் கட்டடக் கண்காட்சியின் ஒரு பகுதியாக இது புதுப்பிக்கப்பட்டு 2013-இல் ஆற்றல் நிலையமாகத் திறக்கப்பட்டது. உள்ளே 20 லட்சம் லிட்டர் நீர் கொள்ளும் வெப்பச் சேமிப்புத் தொட்டி அமைக்கப்பட்டுள்ளது. கூரையில் சூரிய வெப்பத் தகடுகளும், தெற்குச் சுவரில் சூரிய மின்தகடுகளும் உள்ளன. அருகிலுள்ள தொழிற்சாலை ஒன்றின் கழிவு வெப்பமும் இத்தொட்டியைச் சேருகின்றது. இங்கிருந்து சுடுநீர் குழாய்கள் வழியாகச் சுற்றுப்புற வீடுகளுக்கு வெப்பம் வழங்கப்படுகின்றது. 30 மீட்டர் உயரத்தில் உள்ள மேல்தளத்தில் சிற்றுண்டிச் சாலையும், பங்கரின் வரலாற்றைக் கூறும் காட்சிப் பலகைகளும் அமைக்கப்பட்டன.

போரோஸ் கலைக்கூடம், பெர்லின்

பெர்லினின் பிரீட்ரிக் தெரு தொடர்வண்டி நிலையத்துக்கு அருகே, பயணிகளின் காப்பிடமாக 1942-இல் கட்டப்பட்ட இப்பங்கரின் வரலாறு நகரின் வரலாற்றையே சுருக்கிக் காட்டுகின்றது. 1945-இல் சோவியத் செம்படை இதனைச் சிறையாகப் பயன்படுத்தியது. 1949 முதல் துணிக் கிடங்காக இருந்தது. 1957 முதல் கிழக்கு ஜெர்மானிய அரசு நிறுவனம் ஒன்று வெப்பமண்டலப் பழங்களைச் சேமிக்க இதனைப் பயன்படுத்தியது. பழம் கெடாதவாறு குளிர்ச்சி நிலவியதே இதற்குக் காரணம். இதனால் மக்கள் இதனை வாழைப்பழப் பங்கர் என அழைத்தனர்.

ஜெர்மனி ஒன்றிணைந்த பின்னர், 1992-இல் இங்கு டெக்னோ இசைக்கான இரவு அரங்கு தொடங்கப்பட்டது. 1996-இல் அது மூடப்பட்டது. 2003-இல் விளம்பரத் தொழில் முனைவரும் கலைப்பொருள் சேகரிப்பாளருமான கிறிஸ்டியன் போரோஸ் இக்கட்டடத்தை வாங்கினார். உள்சுவர்களும் தளங்களும் பல இடங்களில் அறுத்து அகற்றப்பட்டு, 3,000 சதுர மீட்டர் பரப்பில் 80 அறைகள் கொண்ட கலைக்கூடம் உருவாக்கப்பட்டது. கூரையின் மீது உரிமையாளரின் வீடு கட்டப்பட்டது. 2008-இல் கலைக்கூடம் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. சுவர்களில் எஞ்சிய பழைய எழுத்துகளும் டெக்னோ அரங்கின் வண்ணப்பூச்சுகளும் பல இடங்களில் அழிக்கப்படாமல் விடப்பட்டுள்ளன.

கடல் இல்லம், வியன்னா

வியன்னாவின் எஸ்டர்காசி பூங்காவில் உள்ள 47 மீட்டர் உயரக் கோபுரத்தில் 1950களின் இறுதியில் இருந்து மீன் காட்சியகம் இயங்கி வருகின்றது. வலுவான தளங்கள் பெரிய நீர்த்தொட்டிகளின் எடையைத் தாங்குவதால், இப்பயன்பாடு பங்கருக்குப் பொருந்தியது. இதன் வெளிச்சுவர் மலையேறும் பயிற்சிக்கும் பயன்பட்டு வருகின்றது. 1991-இல் அமெரிக்கக் கலைஞர் லாரன்ஸ் வைனர், இரவின் அமைதியில் சுக்குநூறாக உடைக்கப்பட்டது என்ற பொருள்படும் பெரிய எழுத்துகளைக் கோபுரத்தின் மேற்பகுதியில் அமைத்தார். போருக்கு எதிரான நினைவுச் சின்னமாக அது கருதப்பட்டது. மீன் காட்சியகத்தின் விரிவாக்கத்தின்போது, 2019-ஐ ஒட்டிய காலத்தில், அவ்வெழுத்துகள் மறைந்தன. இது வியன்னாவில் பெரும் விவாதத்துக்கு உள்ளானது.

வணிகமும் நினைவும்

பங்கர்களை வணிகத்துக்குப் பயன்படுத்துவது குறித்து முரண்பட்ட கருத்துகள் உள்ளன. ஆதரிப்போர், பயன்பாட்டில் உள்ள கட்டடமே பேணப்படும் என்றும், கைவிடப்பட்ட பங்கர் ஈரத்தாலும் துருவாலும் சிதைந்துவிடும் என்றும் கூறுகின்றனர். மேலும், மக்கள் வந்து போகும் இடமாக இருந்தால்தான் அதன் வரலாறும் சொல்லப்படும் என்பது இவர்களது வாதம். ஏற்கனவே உள்ள கான்கிரீட்டைப் பயன்படுத்துவது சூழலுக்கு நல்லது என்பதும் கூறப்படுகின்றது.

எதிர்ப்போர், போரின் அச்சமூட்டும் தோற்றமே விளம்பரப் பொருளாக மாறிவிடுகின்றது என்கின்றனர். கட்டியவர்களின் பெயர்கள் எங்கும் இல்லாதபோது, அவர்களது உழைப்பின் மீது விடுதியும் உணவகமும் நடத்துவது பொருந்தாது என்பது இவர்களது நிலைப்பாடு. பச்சைச் செடிகளாலும் புதிய முகப்புகளாலும் மூடும்போது, பங்கரின் பொருள் பார்வையில் இருந்து மறைவதாகவும் குறை கூறப்படுகின்றது.

நடைமுறையில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தீர்வுகளே காணப்படுகின்றன. பல பங்கர்கள் மரபுச்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ளதால், வெளித்தோற்றத்தை மாற்ற இசைவு பெற வேண்டும். காட்சிப் பலகை, நினைவு அறை, வழிகாட்டப்படும் சுற்றுலா ஆகியன பல திட்டங்களில் இடம்பெறுகின்றன.

சில பங்கர்களில் வணிகப் பயன்பாடு முற்றாகத் தவிர்க்கப்பட்டது. பிரேமன் நகருக்கு அருகே ஃபார்கேயில் உள்ள வாலன்டீன் நீர்மூழ்கிக் கப்பல் பங்கர் 426 மீட்டர் நீளம் கொண்டது. 1943 முதல் 1945 வரை நடந்த இதன் கட்டுமானத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டாய உழைப்பாளர்கள் இறந்தனர். கட்டி முடிக்கப்படாத இப்பங்கரின் ஒரு பகுதியை ஜெர்மானியப் படை 2010 வரை கிடங்காகப் பயன்படுத்தியது. 2015-இல் இது நினைவிடமாகத் திறக்கப்பட்டது. பிராங்க்ஃபர்ட் பிரீட்பெர்கர் அன்லாகே பங்கரிலும் குடிமக்கள் குழு ஒன்று யூத வாழ்வு பற்றிய கண்காட்சிகளை நடத்தி வருகின்றது.

2022-க்குப் பிந்தைய நிலை

2022 பெப்ரவரியில் உருசியா உக்ரைன் மீது பெரும் படையெடுப்பை மேற்கொண்டதைத் தொடர்ந்து, பொதுக் காப்பிடங்களைத் திட்டத்தில் இருந்து விடுவிக்கும் பணியை ஜெர்மானிய அரசு நிறுத்தி வைத்தது. அப்போது பட்டியலில் எஞ்சியிருந்தவை 579 காப்பிடங்கள் மட்டுமே. அவற்றின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 4,80,000 பேர். இது எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகும். இவையும் உடனடியாகப் பயன்படுத்தத்தக்க நிலையில் இருக்கவில்லை.

விற்கப்பட்டு மாற்றியமைக்கப்பட்ட பங்கர்களை மீண்டும் காப்பிடங்களாக்குவது கடினம். சன்னல்கள் வெட்டப்பட்ட சுவரும், அகற்றப்பட்ட காற்று வடிகட்டிகளும் எளிதில் மீட்கப்படக் கூடியவை அல்ல. எனவே சுரங்கத் தொடர்வண்டி நிலையங்கள், நிலத்தடி வண்டி நிறுத்துமிடங்கள், உறுதியான அடித்தள அறைகள் ஆகியவற்றைக் காப்பிடங்களாகப் பயன்படுத்துவது பற்றி ஆராயப்பட்டு வருகின்றது. எண்பது ஆண்டுகளாக இக்கட்டடங்களை எதற்குப் பயன்படுத்தலாம் என்றே கேட்கப்பட்டு வந்தது. இன்று அவை முதலில் எதற்காகக் கட்டப்பட்டனவோ அத்தேவையே மீண்டும் பேசுபொருளாகியுள்ளது.

இவற்றையும் பார்க்கவும்
* இரண்டாம் உலகப் போர்
* பதுங்கு குழி
* ஹாம்பர்க்
* பனிப்போர்
* கட்டடப் பாதுகாப்பு